மறுகா

அந்த நிரல்துண்டுக்கு நான் வைத்த பெயர் ‘மறுகா’.
கொழும்பில் இருந்து கேட்டார்கள்,
அகராதியில் இல்லையே, என்ன சொல் இது?
அனுப்பியதற்குப் பதில் வராவிட்டால்
கொஞ்சம் பொறுத்து
இன்னொருக்கா அனுப்புவது, என்று எழுதினேன்.
கல்முனைச் சந்தையில் ஒரு காலைக்குள்
நூறு தரம் காதில் விழும் என்று எழுதவில்லை.

ஐந்து ஆஸ்பத்திரி. ஐந்து பெட்டி.
எதுவும் எதற்கும் தலைமை இல்லை.
ஒன்று செத்தால் மற்ற நாலும்
அதைச் சுற்றி வழி தேடும்.
எங்கே எத்தனை பை இரத்தம், எந்த வகை,
என்றைக்குக் காலாவதி,
எல்லாம் இதில்தான் ஓடுகிறது.

பூட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும்.
ஒவ்வொரு பெட்டியும் தன் பூட்டைத் திறந்தபடி
ஊருக்கெல்லாம் கொடுத்திருக்கிறது.
யாரும் பூட்டலாம்.
திறக்கும் சாவி மட்டும் வீட்டை விட்டு வெளிக்கிடாது.
இடையில் நிற்கிறவன்
கையில் வாங்கி அடுத்த கையில் கொடுக்கலாம்,
உள்ளே என்ன என்று பார்க்க ஏலாது.
இதை எழுதும்போது எனக்கு முப்பத்தொரு வயது.
கொம்பாசுப் பெட்டி வரைக்கும் திறந்து காட்டித்தான்
பள்ளிக்கூட நாளெல்லாம் சோதனைச் சாவடியைக் கடந்தேன்.
அது பற்றி வேறு ஒன்றும் சொல்வதற்கில்லை.

கார்த்திகை கடைசி. மூன்று நாள் மழை.
கோமாரிக்குக் கிட்டக் கம்பம் சாய்ந்து
கடற்கரை வழிக் கேபிள் அறுந்தது.
போன் கோபுரமும் படுத்துவிட்டது.
பொத்துவிலுக்கும் அக்கரைப்பற்றுக்கும் நடுவில்
றோட்டு இருக்கிறது, லைன் இல்லை.

இரவு 2:41.
பொத்துவில் பிரசவ விடுதியில்
ஹம்தூனா எதையோ தட்டினாள்.
செய்தி வடக்கே போகப் பார்த்தது.
வழி இல்லை. மேற்கே கிறுகியது.
லகுகலையில் யானை நிற்கும் காட்டோரமாய்,
சியம்பலாண்டுவ,
பிறகு அம்பாறை.
அங்கே தரிந்து பார்த்துக்கொள்ளும் பெட்டி
வாங்கிக் கொடுத்தது, வாசிக்காமல்.
தமிழானாலும் சிங்களமானாலும்
அதற்கு ஒரே இரைச்சல்தான்.
பக்கத்து வளவுக்குப் போக
ஊரைச் சுற்றி வந்த அது
கல்முனையில் என் திரையில்
ஒரு வரியாய்க் கடந்தது:
எண் 70418, முந்நூற்றுப் பன்னிரண்டு பைட்,
அக்கரைப்பற்றுக்கு.

போய்ச் சேர்ந்தது.
‘கிடைத்தது’ என்ற பதில் திரும்பும்போது
அம்பாறையில் கரண்ட் போனது.

செய்தி செத்ததா, பதில் செத்ததா,
பொத்துவிலுக்குத் தெரியாது.
இரண்டும் ஒரே மௌனம்.
‘கிடைத்தது’ கிடைத்ததா என்று கேட்டு
அந்தக் கேள்வி கிடைத்ததா என்று கேட்டு
விடிய விடிய நிற்கலாம்,
நிச்சயம் மட்டும் வராது.
ஆகவே மறுகா.
எட்டு விநாடி. பதினாறு. முப்பத்திரண்டு.
கேட்ட கடனைத் திரும்பக் கேட்கிறவன் மாதிரி
தரத்துக்குத் தரம் கூடுதலாய்த் தயங்கி.

அந்த மௌனத்துக்குள்ளே
இஹ்திஸாம் திருக்கோவிலைத் தாண்டிவிட்டான்,
ரெஜிபோம் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு,
வைப்பர் வேலை செய்யாத வண்டியில்.

ஒன்பதாம் தரம், 3:49.
அம்பாறைக்கு எப்போதோ ஜெனரேட்டர் வந்திருந்தது.
70418 திரும்பக் கடந்தது, அதே நீளம்.
அக்கரைப்பற்று எண்ணைப் பார்த்தது:
இது முந்தியே வந்தது.
இரண்டாம் வண்டி வெளிக்கிடவில்லை.
கணக்கில் இருந்து இன்னும் இரண்டு பை குறையவில்லை.
பதிலை மட்டும் மீண்டும் சொன்னது.

மூன்று நாளால் ஹம்தூனா போன் எடுத்தாள்.
நன்றி சொல்ல அல்ல.
“உங்கட மெஷின் ‘கிடைத்தது’ எண்டு சொல்லக்குள்ள
வண்டி வாசல்ல நிக்குது கா.
ஒரு மணித்தியாலம் நான் திரையையே பாத்துக்கொண்டு…”
மிச்சத்தைச் சொல்லவில்லை.

இரட்டித்து இரட்டித்து
கடைசி இடைவெளி முப்பத்து நாலு நிமிடம்.
மேல்வரம்பு வைக்க மறந்திருந்தேன்.

அந்தப் பூட்டை எழுதியவள் நான்.
எனக்கும் அது திறக்காது.
‘மறுகா?’ என்று கேட்க வாய் வந்தது.
கேட்கவில்லை.
இரண்டு நிமிடத்துக்கு மேல் பொறுக்காதே
என்று ஒரு வரி சேர்த்துச்
சேமித்தேன்.